திருவள்ளூர் வீட்டு இரும்புப் படி

என் உயிரோடு கலந்த மாமாவுக்கு,

நீ போய் ஐந்து மாசம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னோடு மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தேன், எழுதத் தோன்றவில்லை. ஆனால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லாதே என்று நீ சத்தியம் வாங்கின விஷயத்தை நான் வெளியே சொல்லிவிட்டேன். ஒருவரிடம் இல்லை, ஒரு வீடு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

போன தீபாவளிக்கு முன்னாடியே உன் கண் மங்க ஆரம்பித்துவிட்டது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். சோற்றில் கிடந்த கல்லை விரலால் தடவி எடுத்தாய். அளவு டேப்பை என்னிடம் நீட்டி, "இன்னா நம்பர்ல நிக்குது பாரு" என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் மாமா என்று நான் அழுதபோது என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"வெல்டருக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா எவன்டி வேலைக்குக் கூப்புடுவான்? பட்டறைப் பங்காளி அந்தோணி கிட்ட கூட வாயத் தொறக்காத. என் மேல ஆணை."

அப்புறம் எப்படி வேலை செய்கிறாய் என்று கேட்டேன். "காதால பாக்கறேன். ராடு ஒழுங்கா உருகுனா எண்ணெயில வடை போட்ட மாதிரி ஒரே சீரா சத்தம் வரும். சத்தம் மாறுனா கை தன்னால நின்னுடும்" என்று சிரித்தாய். நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது?

அந்த நேரத்தில்தான் திருவள்ளூர் வேலை வந்தது. கோயிலில் தலைமுறை தலைமுறையாகச் சேவை செய்கிற வைணவக் குடும்பம். வீட்டுக்கு மேலே புதிதாக ஒரு கூடம் கட்டியிருந்தார்கள். செங்கல்லில் படி கட்டினால் முற்றத்தில் பாதி போய்விடும் என்று அந்த வீட்டு மகன் ஸ்ரீதரன் இரும்புப் படி போடச் சொன்னார். மெட்ராஸில் ஏதோ கம்பெனியில் பிளான் வரைகிற வேலை அவருக்கு. கம்பெனியில் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற வைத்திருக்கிற படி மாதிரியே வரைந்து கொடுத்தார். கட்டம் போட்ட தகட்டில் பதினேழு படி, கைப்பிடிக்குப் பைப், மேலே போய்த் திரும்புகிற இடத்தில் நின்று பேச ஒரு சின்ன மேடை.

அந்த வீட்டுப் பெரியவர், "ஆத்துக்குள்ள யாராவது ஃபேக்டரி ஏணியை வைப்பாளாடா?" என்று மகனோடு சண்டை போட்டதை நீ வந்து நடித்துக் காட்டினாய். ஸ்ரீதரனின் அம்மா மட்டும் தனியாக வந்து, படிக்குப் படி இடைவெளி தெரிகிறது, பெண்கள் புடவையோடு ஏறி இறங்க வேண்டாமா, பின்னாடி தகடு அடைத்துக் கொடுங்கள் என்று கேட்டார்களாம். "கம்பெனிப் படியில பொம்பள ஏறுறது இல்ல. அதான் அந்தப் புள்ளைக்குத் தோணல" என்று சொல்லிவிட்டு நீயே தகடு வெட்டி அடைத்தாய். தை மாசம் முடிவதற்குள் வேலை முடிந்தது. பங்குனியில் நீ இல்லை.

எளாவூரில் பழைய பைப் வாங்கப் போனாய். செக்போஸ்ட் பக்கத்தில் ரோட்டைக் கடக்கும்போது லாரி அடித்தது. அவன் மெதுவாகத்தான் வந்தான், ஹார்னும் அடித்தான் என்று டீக்கடைக்காரர் சொன்னார். "ஏதோ நெனப்புல போய்க்கினு இருந்தான் பாவம்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். நீ எந்த நினைப்பிலும் போகவில்லை, உனக்கு லாரி தெரியவில்லை. அது எனக்கு மட்டும்தான் தெரியும். நான் முன்னாடியே வாயைத் திறந்திருந்தால் நீ இருந்திருப்பாயோ? இந்தக் கேள்வியோடுதான் தினமும் அடுப்பு பற்றவைக்கிறேன்.

ஆடி பாதியில் அந்தோணி அண்ணன் வீட்டுக்கு வந்தார். உன் பட்டறையில் பாதிப் பங்கு அவருடையது என்பதால் மாசம் ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார். சந்தோஷமாகத்தான் வந்தார்.

"திருவள்ளூர் ஊட்ல பொண்ணுக்குக் கல்யாணம்மா. ஆவணி மொத முகூர்த்தம். படிக்குப் பெயிண்ட் அடிக்கக் கூப்டாங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க நாப்பது பேர் மாடியிலதான் தங்கப்போறாங்களாம்."

என் கையில் இருந்த டம்ளர் கீழே விழுந்தது. "அண்ணா, அந்தப் படி தாங்குமா?" என்றேன்.

"இன்னாம்மா இப்டி கேக்கற? நானும் கூடத்தான இருந்தேன்."

"நீங்க இருந்தீங்க. அவருக்குக் கண்ணு இல்லண்ணா."

எல்லாவற்றையும் சொன்னேன். நீ சத்தியம் வாங்கினதையும் சொன்னேன். அவர் முகம் கறுத்துப்போனது. "இத்த வெளிய சொன்னா பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான். ஒரு ஊட்ல தெரிஞ்சா ஊருக்கே தெரியும். உன் புருஷன் பேர நீயே கெடுக்கப்போறியா? கம்முனு இரு, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

நான் கம்மென்று இருந்து பார்த்தேன் மாமா. இரண்டு நாள்தான் முடிந்தது. சோறு வாயில் வைத்தால் பட்டுப் புடவைகளும் சீர்த்தட்டுகளும் நாற்பது பேரும் அந்தப் படியில் ஏறுவது தெரிகிறது. கைப்பிடியில் ஒரு குழந்தை சாய்கிறது. அதற்கு மேல் நினைக்க முடியாமல் தட்டைத் தள்ளிவிடுவேன். நம்ம செல்வி, "ஏம்மா துன்ன மாட்டேங்கற?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் செல்வியை அந்தோணி அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொன்னேன். பாதி பொய்தான், பெரியபாளையத்து அம்மன் கோயில் பக்கத்தில்தானே பஸ் மாற வேண்டும். ஆடி வெள்ளிக் கூட்டம் உனக்குத் தெரியும். வேப்பிலை கட்டின பெண்களுக்கு நடுவில் அடுத்த பஸ்ஸுக்காக ஒரு மணி நேரம் நின்றேன். கும்பிடலாம் என்று கை குவித்தால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. உன் வேலை நன்றாக இருக்க வேண்டும் என்றா? அப்படியென்றால் நான் எதற்குப் போகிறேன்? கேட்காமலே கையை இறக்கிவிட்டேன்.

நீயும் அண்ணனும் வேலைக்குப் போன பின்பக்கத்துச் சந்து வழியாகத்தான் நானும் போனேன். கதவு திறந்திருந்தது. முதல் முதலாக அந்தப் படியைப் பார்த்தேன் மாமா. கறுப்பாக, வெயிலில் பளபளவென்று, ஒரு திமிரோடு நின்றது. அதில் ஐந்தாறு பெண்கள், மாடியில் உலர்த்த அப்பளத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். மேலே மேடையில் ஒரு பெண் குழந்தை கைப்பிடிக் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தது.

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. "எறங்குங்கம்மா! அந்தக் கொழந்தையத் தூக்குங்க!" என்று கத்திவிட்டேன்.

எல்லாரும் அப்படியே நின்றார்கள். அந்த வீட்டம்மா ஓடிவந்து, "யாரும்மா நீ? என்ன ஆச்சு?" என்றார்கள். படியைச் செய்தவரின் பெண்சாதி என்றேன். உன் கண்ணைப் பற்றிச் சொன்னேன். முற்றத்தில் நின்றே சொன்னேன், அழுதுகொண்டே சொன்னேன், எல்லாருக்கும் கேட்டிருக்கும்.

அன்றைக்கு ஸ்ரீதரன் லீவில் வந்திருந்தார். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கண் தெரியாதவனை வெச்சுண்டா எங்காத்துப் படியைப் பண்ணினேள்? இன்னும் மூணு வாரத்துல கல்யாணம். இப்ப வந்து சொல்றே?" என்றார். நியாயம்தானே? நான் தலை குனிந்து நின்றேன்.

அந்த அம்மாதான், "ஸ்ரீதரா, போறும். அவ வராமயே இருந்திருந்தா நமக்கு யாரு சொல்லியிருப்பா?" என்றார்கள். பிறகு என்னிடம், "உங்காத்துக்காரர் நல்ல மனுஷர்டிம்மா. நான் கேட்டதும் தகடு அடைச்சுக் கொடுத்தார்" என்றார்கள். ஒரு கயிற்றை எடுத்துவந்து படியின் அடியில் குறுக்கே கட்டினார்கள். எனக்குக் குடிக்க மோர் வந்தது.

ஊருக்குத் திரும்பி, செய்த காரியத்தை அந்தோணி அண்ணனிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நீயும் வா" என்றார்.

கீழ்ப்படியில் ஆரம்பித்து இரும்போடு இரும்பைப் பற்றவைத்த ஒவ்வொரு பத்திலும் அவர் தட்டினார். நல்ல பத்து மணி மாதிரி கணீரென்று பேசும், கெட்டது தகரம் மாதிரி முனகும் என்று பஸ்ஸில் வரும்போதே சொல்லியிருந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். முதல் படி கணீர். இரண்டாவது கணீர். ஸ்ரீதரன் மார்பில் கை கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் முணுமுணுவென்று ஏதோ பாசுரம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினேழு படியும் கணீரென்றே பேசின. மாமா, உன்னைச் சந்தேகப்பட்டேனே என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

மேலே மேடைக்கு ஏறினார். கைப்பிடியைத் தாங்குகிற முதல் கால் சரியாக இருந்தது. இரண்டாவது கால் முனகியது. மூன்றாவதும் முனகியது. அண்ணன் தோளை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். இரண்டு காலும் அடியில் விட்டுக்கொண்டு பெயர்ந்து வந்தன. அந்தக் குழந்தை பிடித்து ஆடின இடம் அதுதான்.

அந்த அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டார்கள்.

ஸ்ரீதரன், "அவர் போட்டதா?" என்று கேட்டார்.

அந்தோணி அண்ணன் பெயர்ந்த பைப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார். "இல்ல சார். இந்த ரெண்டும் நான் போட்டது. கடைசி நாளு, அவசரத்துல போட்டுட்டேன். அவரு போட்டது எல்லாம் இன்னா சத்தம் குடுத்துச்சுன்னு நீங்களே கேட்டீங்க" என்றார்.

அன்றைக்கே திருவள்ளூரில் வாடகைக்கு வெல்டிங் செட் பிடித்து மாட்டு வண்டியில் கொண்டுவந்தார். இரண்டு காலையும் புதிதாகப் போட்டார். மற்ற கால்களுக்கும் அடியில் இன்னொரு சுற்று வெல்டிங் ஓட்டினார். ஸ்ரீதரனே சுத்தியலை வாங்கித் தட்டிப் பார்த்தார். கைப்பிடியில் தொங்கியும் பார்த்தார். பிறகுதான் கயிறு அவிழ்ந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன், "அண்ணா, மெய்யாலுமே அது நீங்க போட்டதா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "ஆருது இருந்தா இன்னாம்மா" என்றார். அவ்வளவுதான்.

உனக்குத் தெரியும் இல்லையா மாமா? அது யார் போட்டது? உன் பேரைக் காப்பாற்ற அவர் பழியை வாங்கிக்கொண்டாரா? இல்லை, ஆரம்பத்திலேயே அவருக்கு அந்த இரண்டு காலும் சரியில்லை என்று தெரிந்துதான் என்னைக் கம்மென்று இருக்கச் சொன்னாரா? அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இது வந்து நிற்கிறது. கேட்டால் சொல்ல மாட்டார். நானும் இனிக் கேட்கப்போவதில்லை.

கல்யாணத்தன்று நான் போனேன். எனக்கும் பத்திரிகை அனுப்பியிருந்தார்கள், ஆனாலும் உள்ளே போகாமல் சந்துப் பக்கமே நின்றேன். நாதஸ்வரம் கேட்டது, எனக்குக் காதெல்லாம் படியில்தான். மாப்பிள்ளை வீட்டார் கூட்டமாக மேலே ஏறினார்கள். மேடையில் சாய்ந்து நின்று சிரித்துப் பேசினார்கள். ஒரு பெரியவர் கைப்பிடியில் முழு பாரத்தையும் போட்டு வெற்றிலை போட்டார். சாப்பாட்டுக்கு எல்லாரும் கீழே இறங்கின பிறகுதான் சுவரோரம் உட்கார்ந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு ஒரு இலைக் கட்டைக் கையில் கொடுத்து, "ஒண்ணும் ஆகலை, ஆத்துக்குப் போய் நிம்மதியா தூங்கு" என்றார்கள்.

பட்டறை மூடவில்லை மாமா. ஆனால் பேசுகிறார்கள். கவரைப்பேட்டையில் ஒருவர் வாசலுக்கு இரும்பு கேட் செய்யச் சொல்லி வைத்திருந்ததை வேண்டாம் என்றுவிட்டார். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வீடு கட்டுகிறவர் மட்டும் இதே மாதிரி இரும்புப் படி வேண்டும் என்று வந்தார். அந்தோணி அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நீ வந்து தட்டிப் பாத்துட்டு அப்பால தான் படி வண்டி ஏறும்" என்றார். திங்கட்கிழமையில் இருந்து போகிறேன். எனக்கு இன்னும் கணீரும் முனகலும் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லையோ என்று பயமாக இருக்கிறது.

செல்வியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றார்கள். நைனா ஏன் லாரியைப் பார்க்கவில்லை என்று வழியில் கேட்டாள். அவளிடம் மறைக்கவில்லை, சொன்னேன். கொஞ்ச நேரம் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

உன் ஆணையை மீறினதற்கு என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். ஒன்று மட்டும் வாக்குக் கொடுக்கிறேன். ஜனங்கள் ஏறி நிற்கப்போகிற எதிலாவது எனக்குச் சந்தேகம் வந்தால், அது அந்தோணி அண்ணன் போட்டதாக இருந்தாலும், நீயே திரும்பி வந்து போட்டதாக இருந்தாலும், அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அக்கா பெற்று உன் கையில் கொடுத்தவள்,
செல்வியின் அம்மா,
உன் ராணி