கோதுமைக்குக் குளிர் பழக்குதல்

செவ்வாய்க் கோள், பயிர்க்கூடம்
பதிவு: தில்லைநாயகி, பயிர் ஆய்வாளர்

திங்கள், 07:10
கூடம் நான்கு டிகிரி. விளக்கு சரி. குளிர்காலம் முழுக்கச் சூடாக்க மின்சாரம் இல்லை. அதனால் கோதுமைக்குக் குளிரைப் படிப்படியாகப் பழக்குகிறேன். இலையில் அப்சிசிக் அமிலம் ஊறும். அந்த ஹார்மோனால் பயிர் வளர்ச்சியை நிறுத்திச் சர்க்கரை சேர்க்கும், உறைபனியைத் தாங்கும். அடுத்த கப்பலில் வரும் அறுபது பேருக்கு இதுதான் சாப்பாடு.

வியாழன், 06:40
போச்சு! என் வீட்டுக்காரர் செல்வின், வண்டி ஓட்டுநர், இரவு முழுக்க ஹீட்டரைப் போட்டிருக்கிறார். "பச்சப்புள்ள மாரி நடுங்குதுளா, பாவம்" என்கிறார். தூத்துக்குடிக்காரருக்கு உறைபனியைப் பற்றி என்ன தெரியும்? சூட்டில் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் ஏறிப் பயிர் கிடுகிடுவென வளர்ந்துவிட்டது. பழக்கிய குளிரெல்லாம் வீண். பேட்டரியும் காலி. வேறு பேட்டரி எடுக்கத் தெற்குக் கிடங்குக்குக் கிளம்பிவிட்டார். கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது.

வெள்ளி, 15:20
புழுதிப்புயல். சூரியத்தகடுகளைப் புழுதி மூடிவிட்டது.
வானொலியில் அவர்: "பேட்டரி கெடச்சிட்டு. திரும்புற வழியில அச்சு முறிஞ்சிட்டு."
"அந்தப் பேட்டரிய வண்டி ஹீட்டர்ல மாட்டிக்கோங்க."
"சரிளா, மாட்டிக்கிடுதேன்."
புயல் அடங்கினால்தான் மீட்பு வண்டி போகும்.

வெள்ளி, 18:05
அப்சிசிக் கரைசலைத் தெளித்தேன். அது மட்டும் போதாது. இருட்டில் சர்க்கரை சேராது, விளக்கு வேண்டும். மிச்சமிருக்கும் அவசர மின்சாரம் ஒன்றுக்குத்தான் போதும்; வானொலிக் கோபுரத்தை அணைத்தால்தான் விளக்கு எரியும்.
"லைட்டப் போடு, நாயகி."
"உங்க குரலக் கேக்காம என்னால முடியாதுங்க."
"நான் கெடுத்தத நீ தேத்திரு. எனக்கு இங்க நல்லா கதகதன்னு இருக்கு. அணச்சிரு."
அணைத்தேன். விளக்கைப் போட்டேன்.

புதன், 09:30
புயல் ஓய்ந்தது. கூடம் மைனஸ் பதினொன்று. ஒரு செடியைப் பிடுங்கி வேர்க்கழுத்தை அறுத்துப் பார்த்தேன். வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது. பிழைத்துவிட்டது! கோபுரத்தைப் போட்டேன்.
"என்னங்க, கோதும பொழச்சிட்டு. கேக்குதா?"
இரைச்சல்.
"கேக்குதாங்க?"

புதன், 13:15
மீட்பு வண்டி: "அக்கா, அண்ணன் போயிட்டாரு. புது பேட்டரிய அவரு மாட்டவே இல்ல. குளிர்ல கெட்டுறக் கூடாதுன்னு போர்வை, கோட்டு எல்லாத்தையும் அதுமேல சுத்தி வச்சிருக்காரு. மேல சீட்டு ஒட்டிருக்கு. 'கோதுமைக்கு'ன்னு."

புதன்
பாவி மனுஷா. கதகதன்னு இருக்குன்னு சொன்னீரே. அந்தக் குரலை நம்பித்தானே நான் அணைத்தேன். கூடத்துக்குள் போனேன். அத்தனையும் பச்சைப்பசேலென்று நிற்கிறது. ஒன்றுகூடச் சாகவில்லை. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.