முகத்துவாரம் வெட்டிய நாள்

இல்லை வாப்பா, தண்ணீர் நீங்கள் அடங்கியிருக்கும் கபுறடி வரை வரவில்லை. பயப்படாதீர்கள், என் செல்ல வாப்பா. வயலுக்குள்தான் நின்றது. நெல்லில் கதிர் வெளியே பறியும் நேரம். ஆற்றின் வாயை மணல் அடைத்திருந்தது.

வயல் நீருக்குப் பொறுப்பான வட்டவிதானையாக நீங்கள் இல்லாத முதல் மாரி.

முதல் நாள் சவளக்கடை ஆட்கள் தாங்களே முகத்துவாரத்தை வெட்டினார்கள். பாண்டிருப்புக் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் தேங்காய் உடைத்தார். பள்ளிவாசல் லெவ்வை பாத்திஹா ஓதினார். எல்லாம் வழக்கப்படி. ஆனால் கடல் பக்கமிருந்து தொடங்கிவிட்டார்கள். பின்னேரம் அலை மணலைக் கொண்டுவந்து எல்லாவற்றையும் மூடியது. வயலில் தண்ணீர் இன்னும் இரண்டு நாள் நின்றால் பயிர் அழுகும்.

மறுநாள் காலை வண்ணக்கர் நம் வாசலுக்கு வந்தார். உம்மா உங்களுக்காக நான்கு மாதம் பத்து நாள் இத்தாவில், அறைக்குள், திரைக்குப் பின்னால். பேராதனைக் கம்பஸிலிருந்து லீவில் வந்த நான் நடுவில் நின்றேன்.

“மகள், வாப்பா எப்பிடி வெட்டுறவர் எண்டு உம்மாட்டக் கேளுங்க.”

உம்மா யோசிக்கவே இல்லை. “தாழம்பத்தைக்குத் தெக்கால, ஆத்துப் பக்கமிருந்து தொடங்கச் சொல்லு. கடல் பக்கம் ரெண்டு முழம் மணலை விட்டு வைக்கட்டும். கடல் வத்தின பிறகுதான் அதை உடைக்கிற.”

நான் சொன்னதும் வண்ணக்கர் சிரித்துவிட்டார். “அப்ப இவ்வளவு காலமும் வட்டவிதானை வேல பாத்தது ஆரு?”

“சோத்துக்கு முன்னால இருந்து அவர் கதைச்சதெல்லாம் எனக்குப் பாடம் எண்டு சொல்லு” என்றார் உம்மா.

முகத்துவாரத்தை உம்மா ஒரு நாளும் கண்டதில்லை. நீங்கள் அதை எப்போதாவது நினைத்தீர்களா?

உம்மாவின் தம்பியோடு நானும் போனேன். கடைசி மணலை மாமா மண்வெட்டியால் தட்டினார். கை அகலத்தில் ஒரு நீர்க்கோடு. நான் தாண்டக்கூடியது. பிறகு கரை இடிந்தது. பிறகு ஆறு முழுவதும். சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. வேரோடு ஒரு மருதமரம் நிமிர்ந்தபடியே கடலுக்குப் போனது. மாமா “அல்லாஹு அக்பர்” என்றார். வண்ணக்கர் கைகூப்பினார். நான் செருப்பைக் கழற்றியிருந்தேன். எப்போது கழற்றினேன்?

இன்று வரப்புகள் தெரிகின்றன. பயிர் சாய்ந்திருக்கிறது, அழுகவில்லை.

இத்தா முடிந்ததும் உம்மாவை அங்கே கூட்டிப் போவேன், வாப்பா. இது என் வாக்கு.

அன்று வீட்டுக்கு வந்து, சேற்றுக் காலோடு உம்மாவின் பாயில் உட்கார்ந்தேன். “சொல்லு” என்றார். சொன்னேன்.

உங்கள் மூத்த மகள்