பேச்சியின் மெட்டியைத் தேட ஒரு மெஷின்

நவம்பர் 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். பிரஸ் லீவு. காலண்டர் சீசன் என்பதால் மதியத்துக்கு மேல் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள்.

பழைய மெட்டல் டிடெக்டரைப் பரணிலிருந்து இறக்கினேன். ஆடி மாதத்திலிருந்து தொடவில்லை. பேட்டரி கசிந்து உள்ளே பச்சை பிடித்துக் கிடக்கிறது. தரையில் வைக்கும் வட்டத் தட்டு இருக்கிறதே, காயில், அதன் ஒயரும் இற்றுவிட்டது. பேட்டரியைக் கழற்றி வைக்கக்கூடத் தோன்றாத என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

புதிது வாங்கியே ஆக வேண்டும். பார்க்க வேண்டியவை:

சின்ன காயில். ஆறு அங்குலம் போதும். பெரியது குப்பைக்கு நடுவில் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கத்தும்.

இரும்பை ஒதுக்கிவிட்டு வெள்ளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். (தேடப் போகிற பட்டாசு ஆலையில் மத்தாப்புக் கம்பி, கட்டடக் கம்பி, கூரைத் தகரம். இம்புட்டு அம்புட்டு இல்லை.)

ஈர மண்ணில் உளறக் கூடாது.

கனம் குறைவாக. வலது தோள்பட்டை பழையபடி இல்லை.

தெருக் குழாயில் தண்ணீர். கருப்பசாமி குடத்தோடு எதிரே வந்தார். என்னைப் பார்த்ததும் தெருவின் அந்தப் பக்கம் போய்விட்டார். நாலு மாதமாக இப்படித்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். பிரஸ்ஸில் நாள் முழுக்கத் தினசரி காலண்டர். கையெல்லாம் சிவப்பு மை.

டீக்கடையில் வாட்ச்மேனைப் பார்த்தேன். என் வீட்டுக்காரி பேச்சி வேலை பார்த்த பட்டாசு ஆலையின் காவல்காரர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அடுத்த புதங்கெழம ஜேசிபி வருது. இடிஞ்ச ரூம் அம்புட்டையும் வழிச்சு எடுத்துட்டுப் புதுசாக் கட்டப் போறாக. பாக்கணும்னா அதுக்குள்ள வந்து பாத்துக்கிடுங்க."

எட்டே நாள்.

இதையெல்லாம் எழுதியதே இல்லை. இன்று எழுதிவிடுகிறேன். ஆடியில் ஏழாம் நம்பர் ரூம் வெடித்தது. உள்ளே பேச்சியும் கருப்பசாமி மனைவி சுப்புத்தாயும். போர்மேன் மறுநாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டான்: "பேச்சியம்மா கால்ல மெட்டியோட உள்ள போயிருச்சு. அதுல பொறி பட்டுத்தான் வெடிச்சது." தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. சுப்புத்தாயைக் கொன்றவள் என் பொண்டாட்டி.

ஆலைக்குள் உலோகம் கூடாது. மெட்டி, கொலுசு, ஊக்கு எல்லாவற்றையும் பெண்கள் வாசல் வேப்ப மரத்தடியில் கழற்றி, துணியில் முடிந்து, கல் இடுக்கில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பேச்சியும் வைத்திருந்தால் அது அங்கேதான் கிடக்கும். தீயணைப்பு வண்டி ஏறி, சனம் மிதித்து, எல்லாம் சேற்றுக்குள் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உடம்பை மூட்டையாகக் கட்டித்தான் கொடுத்தார்கள். காலைப் பார்க்க விடவில்லை. நகை எதுவும் இல்லை என்றார்கள்.

மரத்தடியில் கிடைத்தால் அவள் மேல் தப்பில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

அரை நாள் லீவு. முதலாளி முறைத்தார், முறைக்கட்டும். மதுரைக்குப் பஸ். நிலத்தடி நீர் பார்க்கும் கருவிகள் விற்கும் கடை. டிடெக்டரும் வைத்திருக்கிறார்கள்.

பேச்சியின் பழைய மெட்டி ஜோடியைக் கொண்டுபோயிருந்தேன். கூடவே ஒரு பிடி மத்தாப்புக் கம்பி, கொஞ்சம் அலுமினியத் தாள். மேசை மேல் பரப்பியதும் கடைக்காரப் பையன் சிரித்தான். "என்ன சார், புதையலா?"

"மெட்டி."

"மெட்டிக்கா இம்புட்டு பெரிய மெஷினு?"

ஒவ்வொன்றாக எடுத்துத் தரச் சொன்னேன்.

மூன்று மெஷின் பார்த்தேன்.

மஞ்சள்: விலை குறைவு. இரும்புக்கும் வெள்ளிக்கும் ஒரே சத்தம். வேண்டாம்.

பெரிய கறுப்பு: ஆழம் நன்றாகப் போகும். மெட்டிக்கு ஆழம் எதற்கு? கனம் வேறு.

சின்ன கறுப்பு: கம்பிக் குவியலுக்குள் மெட்டியைப் புதைத்து வைத்தேன். நாலு தடவையில் மூன்று தடவை சொன்னது. மெட்டி முழு வளையம் இல்லை, வாய் பிளந்தது, அதனால் சத்தம் குறைவு. அலுமினியத் தாளுக்கும் திரையில் ஏறக்குறைய அதே நம்பர். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் வித்தியாசம் தெரிகிறது. மெட்டிக்குச் சுத்தமான ஒரு 'கீங்'.

அதையே வாங்கிவிட்டேன். வேறு நாளாக இருந்தால் பஸ்ஸில் மடியிலேயே பிரித்துப் பார்த்திருப்பேன். எங்கள் திருத்தங்கல் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

மகள் லட்சுமி காரியாபட்டியிலிருந்து போன்.

"என்னப்பா, மெஷின் வாங்குனீகளாம்? மறுபடியும் கம்மாய்க்குள்ள காசு பொறுக்கவா?"

எதற்கு என்று சொன்னேன். அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள். பிறகு, "அம்மா கழட்டித்தான் வச்சிருக்கும்பா. மரத்தடியில மட்டும் பாருங்க. அங்கன இல்லைன்னா வந்துருங்க. உள்ள போய்த் தேடாதீக."

சரி என்றேன். ஊர்ப் பேச்சுக்குப் பயந்து அவள் இந்தப் பக்கம் வந்தே நாலு மாதம் ஆகிறது.

அவளிடமும் சொல்லாத ஒன்று. அந்த மெட்டி நான் கொடுத்தது. சித்திரையில் வற்றிய கண்மாயில் இரண்டு பழைய வெள்ளிக் காசு கிடைத்தது. சூலக்கரைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் ஒப்படைத்திருக்க வேண்டும். ஒப்படைத்திருந்தால்! உருக்கி மெட்டி அடிக்கக் கொடுத்தேன். அளவும் எடுக்கவில்லை, நானே குத்துமதிப்பாகச் சொன்னேன். இறுக்கிப் பிடித்தது. பேச்சி தெரு முழுக்கக் காலை நீட்டிக் காட்டினாள். "பொதையல் எடுத்துப் பொண்டாட்டிக்குப் போட்ட மனுசன் எங்க வீட்டுலதான் இருக்காரு!" தினமும் காலையில் சோப்புப் போட்டு உருவி, ஆலை வாசலில் கழற்ற வசதியாக லேசாக மாட்டிக்கொண்டு போவாள். ஆடி பிறந்ததும் கால் வீங்கிவிட்டது. ஒருநாள், "வரவே மாட்டேங்குதுங்க" என்றாள். "இன்னும் கொஞ்சம் சோப்புப் போடு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அது எந்த நாள்? வெடித்த அன்றா, முந்தின நாளா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். எட்டு மணிக்கே ஆலை வாசலில். வாட்ச்மேன் பையைச் சோதித்தார். "இரும்பு எதும் கொண்டாந்தீகளா? வெடி மருந்த அள்ளிட்டுப் போயிட்டாக, இருந்தாலும் நம்ப முடியாது." கொட்டாங்குச்சியைக் காட்டினேன். அதை வைத்துத்தான் தோண்டினேன்.

மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, சாண் சாணாகப் பார்த்தேன். மெஷின் நல்ல மெஷின். கிடைத்தவை: ஊக்கு பதினொன்று, கொலுசுத் திருகு ஒன்று, கொண்டை ஊசி நிறைய, யாருடைய வீட்டுச் சாவியோ, ஒரு ரூபாய்.

மெட்டி இல்லை.

மதியம் சாப்பிடவில்லை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தேன். இல்லை. வாட்ச்மேன் தண்ணீர் கொடுத்தார், "போதும், வீட்டுக்குப் போங்க" என்றார். மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டார்.

நவம்பர் 17, திங்கள்

லட்சுமிக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றவில்லை.

பிரஸ்ஸுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஏழாம் நம்பர் ரூமுக்குப் போனேன். சுவர் இல்லை, தரை மட்டும். எங்கே வைத்தாலும் மெஷின் கத்துகிறது. தகரம், கம்பி, தகரம். பத்தரை மணிக்கு, வாசல்படி இருந்த இடத்துக்கு உள்பக்கம், இரண்டு அடி தள்ளி, சுத்தமான 'கீங்'. வேண்டாம் என்று மனசு சொன்னது. கை தோண்டிவிட்டது.

ஒன்றுதான். கறுத்து, வாய் விரிந்து கிடந்தது. உள்பக்கத்தில் ஆசாரி வைத்த சின்னப் புள்ளிகள். அவளுடையதுதான்.

வீட்டுக்கு வந்து அம்மிக்கல்லில் அதன் ஓரத்தை உரசிப் பார்த்தேன். பொறி வரவில்லை. வெள்ளியில் வராது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் மருந்துத் தூசி பறக்கிற ரூம். யாரிடம் போய்க் கேட்பது?

லட்சுமி இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மேகமூட்டம். காலையில் முகத்தைக் கழுவிக்கொண்டு நேராகக் கருப்பசாமி வீட்டுக்குப் போனேன். வாசலில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். உள்ளே எழுந்து போகப் பார்த்தார்.

"நில்லு கருப்பசாமி. போர்மேன் சொன்னது நெசந்தான். ரூமுக்குள்ளதான் கெடந்துச்சு." மெட்டியைக் காட்டினேன். "எறுக்கமாச் செஞ்சு போட்டது நாந்தான். கழட்ட முடியலன்னு சொன்னா, நாங் காதுல வாங்கல. என்னய என்ன வேணும்னாலும் பேசு. அவளப் பேசாத."

மெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயைக்கூடக் கொப்பளிக்கவில்லை. "உள்ள வாங்கண்ணே" என்றார். நாலு மாதத்தில் முதல் வார்த்தை.

உள்ளே போனதும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சுப்பு கால்லயும் கெடந்துச்சுண்ணே."

எனக்குப் புரியவில்லை.

"மெட்டி. சுப்பு கால்லயுந்தான். ஒருத்தியும் கழட்டல. ஒரு வாரமா லாரி வந்து நிக்குது, தீவாளி ஆர்டரு, லோடு ஏத்தணும்னு அந்த போர்மேன் பய வாசல்லயே வெரட்டி உள்ள தள்ளுவானாம். 'கழட்டுறதுக்கெல்லாம் நேரமில்ல, போங்க போங்க'ன்னு. முந்துன நா ராத்திரி எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சா."

"தெரிஞ்சுதான் வாய மூடிக்கிட்டு இருந்தியா?"

"சொன்னா சுப்பு மேலயும் பழி வந்துருமேன்னு. புள்ளைக இருக்குல்லண்ணே. ஒங்க வீட்டுல மதினி மட்டும்னு ஆகிப்போச்சு, அப்படியே போகட்டும்னு இருந்துட்டேன்."

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கை எழுந்தேவிட்டது. அவர் ஒதுங்கவும் இல்லை. அறைந்தால் நல்லது என்பதுபோலக் குனிந்துகொண்டே இருந்தார். கையை இறக்கிவிட்டேன். உள்ளே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் சத்தம். மூத்தவள் சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

கிளம்ப எழுந்தேன். கருப்பசாமி தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஜேசிபி நாளைக்கா?"

"ஆமா."

"அவளது மூணு சுத்து மெட்டி. எடது கால்ல உள்ளது லேசா நெளிஞ்சிருக்கும். அதும் அங்கனதான் கெடக்கும். எனக்கும் தேடித் தருவீகளாண்ணே?"

"சட்டையப் போட்டுட்டு வா" என்றேன்.