வெளுத்துப்போன ஆறு படங்கள்

இன்று காலை சலவைக்குப் போடத் துணிகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கைக்குட்டை கையில் வந்தது. நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நைந்துபோகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு மாடிப்படி மங்கலாகத் தெரிகிறது. எண்ணினேன், ஒன்பது படி. மீதிப் படிகள் மடித்துத் தைத்த ஓரத்துக்குள் போய்விட்டன.

உன் மகளின் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நீ போய்விட்டதை அதில்தான் தெரிந்துகொண்டேன். பம்பாயில் காரியமெல்லாம் முடிந்த பிறகு எழுதியிருக்கிறாள். உன் மாணவர்கள் நினைவு மலர் ஒன்று கொண்டுவரப் போகிறார்களாம், அதற்கு நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "மேற்படிப்புக்கு அவசரப்படாதே, முதலில் வேலை பார் என்று அப்பாவுக்கு நீங்கள் சொன்னீர்களாமே. எல்லா மாணவர்களிடமும் அதைச் சொல்வார். அதை உங்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறாள். ஒரு பக்கம் எழுதுவது எனக்கு அரைமணி நேர வேலை. மூன்று வாரமாக முடியவில்லை. அதற்கு முன்னால் உனக்கு எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. சேலத்திலிருந்து வந்து, ராயபுரத்தில் உங்கள் தெருவில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். பத்திரிகையில் துறைமுகச் செய்திகள் என் பொறுப்பு. எந்தக் கப்பல் வந்தது, எது போனது, எந்தச் சரக்கு இறங்கும்போது யாருக்கு அடிபட்டது என்று எழுதுவேன். உன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு விபத்தைப் பற்றி அவரிடம் கேட்க உங்கள் வீட்டுக்கு வந்த அன்றுதான் உன்னை முதலில் பார்த்தேன். நான் கேட்டு முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு, "இன்னா மாமு, ரேடியோ பொட்டி மாறியே பேசறே?" என்றாய். உன் அம்மா உன்னை அதட்டிவிட்டு எனக்குச் சாப்பாடு போட்டார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை. அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் எனக்கு உங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வாரத்தின் மற்ற ஆறு நாளும் நான் பலரோடு பேசினேன். எல்லாம் செய்திக்காகப் பேசிய பேச்சு. கையில் குறிப்பு நோட்டு இல்லாமல் நான் பேசியது உன்னோடு மட்டும்தான்.

நீ கட்டடக்கலையில் பட்டயம் முடித்துவிட்டு, துறைமுகத்துக்கு அருகே ஒரு பொறியாளர் அலுவலகத்தில் தற்காலிகமாகப் படம் வரைந்துகொண்டிருந்தாய். மற்றவர்கள் போட்ட படங்களை டிரேசிங் துணியில் மையால் நகல் எடுக்கும் வேலை. கஞ்சி ஏற்றிப் பளபளவென்று, லேசான நீலத்தில் இருக்கும் அந்தத் துணி, தண்ணீரில் ஊறினால் கஞ்சி எல்லாம் கழன்று நல்ல மல்துணியாகிவிடும். பிழையான படங்களையும் வெட்டி எறிந்த ஓரங்களையும் அலுவலகத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். நீ சுருட்டி எடுத்து வந்து அரிசி டின்மேல் வைப்பாய். உன் அம்மா சோடா உப்புப் போட்டு ஊறவைத்து, துறைமுகத்து நிலக்கரித் தூள் பறந்து வராத காற்றாகப் பார்த்துக் காயவைத்து, கைக்குட்டையும் குழந்தைச் சட்டையும் தைப்பார்கள். எதிர்வீட்டுக் குழந்தை ஒரு கிடங்கின் குறுக்குவெட்டுத் தோற்றத்தைப் போட்டுக்கொண்டு தவழும். நீ அதைக் காட்டி, கூரையில் அளவு தப்பு என்பாய்.

பம்பாய்க் கல்லூரியில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க, சொந்தமாக வடிவமைத்த கட்டடத்துக்கு ஆறு படங்கள் கேட்டிருந்தார்கள். நீ துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றைப் போட்டாய். நிலக்கரி இறக்குகிறவன் கறுத்துப்போய் வீட்டுக்கு வருவான், அவன் உள்ளே நுழையுமுன் கைகால் கழுவ வாசலுக்கு வெளியே ஒரு தொட்டி இருக்க வேண்டும் என்பது உன் யோசனை. இரண்டு மாதம் உட்கார்ந்து ஆறையும் டிரேசிங் துணியில் மையால் போட்டாய். முடித்த அன்று, தபாலில் அனுப்பத் தகரக் குழாய் வாங்கி வரலாம் என்று அவசரமாகக் கிளம்பினாய். சுருளைப் பழக்கத்தில் அரிசி டின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அன்று மாலை நான் வந்தபோது கொல்லையில் ஆறு துணிகளும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நீ தகரக் குழாயோடு அவற்றின் முன்னால் நின்றிருந்தாய். "இன்னா நைனா அப்பிடி நின்னுகினு கீறே?" என்றார்கள் உன் அம்மா. "இந்த தபா முழுசு முழுசா குட்துட்டாங்களே. இன்னா சொன்னே ஆபீஸ்ல?" நீ ஒரு துணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாய். "நல்லா வெளுத்துக்கீதும்மா" என்றாய். அவ்வளவுதான். கடைசிவரை அவர்களுக்கு நீ சொல்லவில்லை. அந்த ஆறில் ஒன்றைக் கைக்குட்டையாகத் தைத்து, பேப்பர்காரத் தம்பிக்கு என்று எனக்குக் கொடுத்தார்கள்.

மறுநாள் காலை காசிமேட்டு மணலுக்கு என்னை அழைத்துப் போனாய். கட்டுமரங்கள் கரையேறி, பெண்கள் கூடைகளோடு ஏலம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவர், "தோ பாரு, மிதிச்சிங்கன்னா ரெண்டு பேரும் ஒக்காந்து தைக்கணும்" என்றார். நாம் தள்ளி உட்கார்ந்தோம்.

விண்ணப்பத்துக்குப் பதினோரு நாள் மிச்சம் என்றாய். எல்லாம் தலையில் இருக்கிறது, விடுப்பு எடுத்தால் மறுபடி போட்டுவிடலாம். ஆனால் அலுவலகத்தில் நிரந்தர வேலைக்கு உன் பெயரைச் சொல்லியிருந்தார்கள். இந்த நேரத்தில் விடுப்பு எடுத்தால் அது வேறொருவருக்குப் போய்விடும். வேலையில் சேர்ந்தால் படிப்பு தள்ளிப்போகும், தள்ளிப்போனது நின்றுபோகவும் கூடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"நீ சொல்லு மாமு. இப்பவே போவட்டா, வேல பாத்துட்டு அப்பால போவட்டா?"

நான் உடனே பதில் சொன்னேன். "வேலை பாரு. செவுரு எழும்பறதைப் பக்கத்துல நின்னு பாத்துட்டுப் படிக்கிற படிப்பே வேற."

"எழுதி வெச்சிகினு பேசறியா?" என்று சிரித்தாய். பிறகு மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சர்தான்" என்றாய். அந்தப் பதினோரு நாளும் நீ வேலைக்குப் போனாய். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் நாள் எனக்கு நன்றாகப் பசித்தது.

ஒரு வருடம் வேலை பார்ப்பது என்று தொடங்கியது மூன்று வருடமாயிற்று. உன்னை எண்ணூர்ப் பக்கம் ஒரு குடியிருப்பு வேலைக்கு மேற்பார்வைக்கு அனுப்பினார்கள். அலுவலகப் படத்தில் வாசல் தொட்டி கிடையாது. குடிவந்த பெண்கள் பழைய பீப்பாய்களைப் பாதியாக வெட்டித் தாங்களே வாசலில் வைத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிறு நீ சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாய். கேட்டதற்கு, தொட்டித் தண்ணீர் போக வழியில்லாமல் வாசற்படிக்கு அடியில் இறங்கிச் சுவரெல்லாம் ஊறிக்கிடக்கிறது என்றாய். "என் படத்துல தொட்டி இருந்துச்சு. தண்ணி எங்க போவும்னு நானும் போடல மாமு. அம்மா தோச்சதே நல்லதாப் பூட்சு." மூன்றாம் வருடம் புதிதாகப் போட்ட ஆறு படங்களிலும் தண்ணீர் போகும் வழியை முதலில் வரைந்தாய். கல்லூரி உடனே இடம் கொடுத்தது.

நீ கிளம்பிய நாளில் சென்ட்ரலில் உன் அம்மா அழுதுகொண்டிருந்தார்கள். நீ பெட்டியிலிருந்து எட்டி என் தோளைப் பிடித்தாய். "அன்னிக்கு நீ சொல்லலேன்னா நான் வெறும் படம் போடறவனாவே பூட்ருப்பேன்" என்றாய். அப்போது சொல்லியிருக்கலாம். வண்டி கிளம்ப இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. "போய்ச் சேந்ததும் கடுதாசி போடு" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகும் சில மாதம் ஞாயிறுகளில் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன். உன் அப்பாவுக்கு அதிகம் பேச்சு வராது. அம்மா உன் கடிதங்களை என்னைப் படித்துக்காட்டச் சொல்வார்கள். பிறகு நீ அங்கேயே ஆசிரியரானாய், அவர்களையும் அழைத்துக்கொண்டாய். வீட்டுக்கு வேறு ஆட்கள் குடிவந்தார்கள். நான் அதே மாடி அறையில் இருந்தேன். அலுவலகத்தில் கேட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வாங்கிக்கொண்டேன். ஓய்வுபெறும்வரை அதை மாற்றவில்லை. ஞாயிறு வேலை யாருக்கும் பிடிக்காது என்பதால் எல்லோருக்கும் என்மேல் நல்ல எண்ணம்.

உன் கடிதங்கள் வருடத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று வந்தன. மாணவன் யாராவது மேற்படிப்பா, வேலையா என்று வந்து நின்றால் என் பதிலைச் சொல்லி அனுப்புவதாக ஒவ்வொன்றிலும் எழுதியிருப்பாய். அப்படிப் போன பிள்ளைகள் நன்றாக வந்திருக்கிறார்கள் என்றும் எழுதுவாய். நான் பதிலில் துறைமுகச் செய்திகளை எழுதுவேன்.

நாளை அந்தப் பக்கத்தை உன் மகளுக்கு எழுதி அனுப்பிவிடுவேன். சுவரைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கும். யோசனை நல்ல யோசனைதான், நீயே அதற்குச் சாட்சி. ஏன் சொன்னேன் என்பது மட்டும் அதில் இருக்காது, அது உனக்குச் சேர வேண்டியது. நான் சுவர் எழும்புவதைப் பற்றி அன்று நினைக்கவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தேன். என் வாயில் வந்து நின்றது 'போகாதே' என்ற ஒரு சொல். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, கேட்க நன்றாக இருக்கும் வேறொன்றைச் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்னைக் கேலி செய்திருப்பாய், பதினோரு நாளில் ஆறு படத்தையும் போட்டிருப்பாய், தொட்டித் தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாமலே பம்பாய்க்குப் போயிருப்பாய். அது உன் முடிவாக இருந்திருக்கும்.

நீ எனக்குச் சொன்ன நன்றிகளை எல்லாம் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒன்றுகூட என்னுடையது இல்லை என்று சொல்வதற்கு இப்போது நீ இல்லை.