முட்டி வலி இல்லை, கண்ணு

என் வாயாடி மகளுக்கு,

போனில் என்றால் கேலி பேசித் தப்பித்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். உன் அப்பா ஒழுங்காகப் படித்தது பஸ் போர்டு மட்டும்தான்.

இங்கிருந்து உன் ஊருக்கு விமானத்தில் ஒன்பதாயிரம் கிலோமீட்டராம், பதினோரு மணி நேரமாம். எங்கள் கண்டக்டர் செல்போனில் பார்த்துச் சொன்னான். "அண்ணே, நம்ம பஸ்ஸுல போனா, போய்ச் சேர்றதுக்குள்ள உங்க பேத்தி காலேஜே முடிச்சிருவா!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

நீ பிரசவத்துக்குக் கூப்பிட்டபோது, முட்டி வலி, டாக்டர் விமானம் ஏறக்கூடாது என்றார் என்று சொன்னேனே? டாக்டரைப் பார்க்கவே இல்லை, கண்ணு. பயம்தான். இத்தனை வருஷமும் ஸ்டியரிங் என் கையில். எதிரே ரோடு தெரியாமல், யாரோ ஓட்ட, மிதிக்க ஒரு பிரேக் கூட இல்லாமல் அத்தனை நேரம் எப்படி உட்காருவேன்?

அம்மா இல்லாத பெண், தனியாகப் பெற்றெடுத்தாய். அப்போதும் முட்டி வலி என்றே சாதித்தேன் நான். நேற்று நீ, "பரவால்லப்பா, உங்க முட்டியோட நீங்க அலைய வேணாம். பாப்பாவுக்கு மூணு மாசம் ஆகட்டும், நாங்களே வர்றோம்" என்றாய். அப்போதுதான் உறைத்தது. நான் உட்காரப் பயந்த இடத்தில் அந்தப் பச்சைப்பிள்ளையை அல்லவா உட்கார வைக்கிறேன்!

நீ வராதே. எனக்கு டிக்கெட் போடு. இரண்டு பக்கமும் ஆள் இருக்கிற நடு சீட்டாகப் பார். வந்ததும் ஆசை தீரத் திட்டு. பாப்பா தூங்கும்போது மட்டும் மெதுவாகத் திட்டு.

உன் பயந்தாங்கொள்ளி
அப்பா