கூட்ஸ் வண்டிக்கு அடியில்

அம்பத்தூர்,
12.8.1991

அன்புள்ள வசந்தா,

நான் சுகமே. மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா?

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தையல் கடை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே கூடாது என்றுதான் எழுத இருந்தேன்.

நேற்று ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டி பாதையை மறித்து நின்றது. இங்கே எல்லோரும் அடியில் நுழைந்து போவார்கள். அதற்காக ஹாஸ்டல் பெண்களைத் தினமும் கண்டிக்கும் வார்டன் நான். முழங்கால் வலியில் மேம்பாலப் படி ஏற முடியவில்லை. சிக்னல் சிவப்பு என்று பார்த்துக்கொண்டு நானே குனிந்தேன்.

பாதியில் புடவை எதிலோ மாட்டியது. கிழியக் கூடாதென்று நின்று, பொறுமையாக எடுக்கப் பார்த்தேன். சக்கரம் கிறீச்சிட்டது.

"பொடவ போனா போவுது, வாம்மா! இன்னாத்துக்கு அங்க குந்திகினு கீற?" என்று எனக்கு முன்னே நுழைந்து போன எங்கள் ஹாஸ்டல் சமையற்காரி பூங்காவனம் கையைப் பிடித்து இழுத்தாள். வண்டி நகர்ந்துவிட்டது. புடவைதான் கிழிந்தது, பயப்படாதே.

வசந்தா, படி இருந்தால் படியிலேயே போ. குனிந்துதான் ஆகவேண்டுமென்றால் குனி. ஆனால் நடுவில் நின்று புடவையைப் பார்க்காதே.

பச்சைப் பெட்டியிலுள்ள வெள்ளைப் புடவையை அனுப்பு. கூடவே கடிதமும் வை, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

உன் அம்மா