சிகாமட்டுக்குத் தண்ணீர் வருமா

வியாழன், செனாய்.

வெள்ளத்தைக் கணிக்கும் புரோகிராம் இன்றைக்குத்தான் கம்பைல் ஆகி, ஓடும் நிலைக்கு வந்தது. இங்கே செனாய் ஆபீஸ் லினக்ஸ் மெஷினில், கணக்கை வேகமாகப் போட அதற்குத் தேவையான ஜிபியு லைப்ரரி கோப்புகளை வழக்கமான இடத்தில் வைக்காமல் வேறு ஃபோல்டரில் போட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து லைப்ரரியைக் காணோம் என்றே எரர். கடைசியில் அந்த ஃபோல்டரின் பாதையை நானே எழுதிக் கொடுத்தேன். ஓடியது. எங்கள் ஊர் ஆற்றின் மேல்பகுதியில் பெய்த மழையின் அளவைக் கொடுத்துப் பார்த்தால், சிகாமட்டில் எங்கள் வீட்டுத் தெரு விடிவதற்குள் முழுகுகிறது.

அப்பாவுக்குப் போன் செய்து, வெள்ளம் வரப்போகிறது என்றேன்.

"இங்க மழையே இல்லம்மா. யாரு சொன்னா?"

"நான் ஓட்டிப் பாத்த புரோகிராம்பா."

"சரி, அம்மாவக் கூட்டிக்கிட்டு மேட்டுல உன் மாமா வீட்டுக்குப் போறேன்."

இவ்வளவு சுலபமாக நம்புவார் என்று நினைக்கவில்லை. கணக்கை வேறு யாரும் சரிபார்க்கவில்லை. தண்ணீர் வரக்கூடாது. வராவிட்டால், அடுத்த முறை அப்பா கிளம்பமாட்டார்.